சொல்லாமல் கையை விடும் சுல்தான் பாய்

ஒரு மனிதர் மவுத்தாகி ஏழு மாதம் ஆன பிறகு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசுவதுதான் முறை. ஜாஸ்பருக்கு அந்த முறை ஒத்துவராது. மேலப்பாளையத்து முகம்மது சுல்தானின் பேச்சை யார் எடுத்தாலும் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "என்னையப் பெயிலாக்குன மனுசன்வே அது" என்றுதான் ஆரம்பிப்பார். இத்தனை வருசமாக அதே வாக்கியம். ஆள் உயிரோடு இருந்த காலத்தில் முகத்துக்கு நேரேயே சொன்னதுதான்.

பெயிலானது பள்ளிக்கூடப் பரீட்சையில் என்று நினைக்க வேண்டாம். அதில் பெயிலாகிற அளவுக்கு ஜாஸ்பர் படிக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பாதியிலேயே வெல்டிங் பட்டறைக்குப் போய்விட்டார். பெயிலானது சுவர் ஏற்றத்தில்.

மேலப்பாளையம் தாண்டி அம்பாசமுத்திரம் ரோட்டில் ஒரு பழைய நெல் குடோன் இருக்கிறது. அதற்குள் முப்பதடி உயரத்துக்கு இரும்புச் சட்டம் எழுப்பி, பிளைவுட் அடித்து, பலகை நெடுகப் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் கை பிடிக்கவும் கால் வைக்கவும் குமிழ்களை முடுக்கியிருக்கும். ஏறுகிற ஆள் இடுப்பில் பெல்ட் கட்டி, அதில் கயிற்றை முடிந்துகொள்வார். கயிறு உச்சியில் ஒரு குழாயைச் சுற்றிக் கீழே வந்து, தரையில் நிற்கும் இன்னொருவர் கையில் முடியும். மேலே இருப்பவர் வழுக்கினால் கீழே இருப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும். சங்கதி இவ்வளவுதான். ஆனால் இந்தச் சங்கதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆளிடம் ஒரு சர்ட்டிபிகேட் இருக்க வேண்டும். பெங்களூரில் ஒரு சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கத்தின் சார்பில் இந்த வட்டாரத்தில் பயிற்சி கொடுத்துப் பரீட்சை வைத்துக் கையெழுத்துப் போட ஒரே ஆள்தான் உண்டு. அது சுல்தான் பாய்.

அந்த முப்பதடிச் சட்டத்தை அடி முதல் நுனி வரை வெல்டிங் வைத்தவர் ஜாஸ்பர். தான் கட்டின சுவருக்குக் கீழே நின்று கயிறு பிடிக்கத் தனக்கு யோக்கியதை கிடையாது என்று இன்னொருத்தன் எழுதிக் கையெழுத்துப் போட்டால் வயிறு எரியுமா எரியாதா?

சுல்தானின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தாவதில் இரண்டு தடவை தடுக்கி விழுந்து, இருபத்திரண்டு வயதில் ஷார்ஜாவுக்குப் போனவர். நாற்பது மாடிக் கட்டடங்களுக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிற வேலை. அந்த வேலையில் ஒரு மனிதனுக்கு இரண்டு வெயில். முதுகில் ஒன்று, கண்ணாடியிலிருந்து மூஞ்சியில் ஒன்று. பதினெட்டு வருசம் துடைத்தார். மூன்று வருசத்துக்கு ஒரு முறை கயிறு வேலைக்கான சர்ட்டிபிகேட் காலாவதியாகும், மறுபடி பரீட்சை. அப்படி ஆறு தடவை பரீட்சை எழுதி, பத்தாவதில் வராத பாஸெல்லாம் அங்கே வந்தது. ஊருக்குத் திரும்பும்போது முழங்கால் இரண்டும் தேய்ந்து, தாடி பாதி நரைத்து, இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினார். ஒரு பெட்டியைத் திறந்தால் முழுக்கக் கயிறு.

"ஊரெல்லாம் செண்டு பாட்டிலும் கம்பளியும் கொண்டாருது. நீங்க கெணத்துல தண்ணி இறைக்கவா இதைக் கொண்டாந்திய?" என்று கேட்டார் அவர் மனைவி ஜமீலா பீவி.

ஊரும் சும்மா இருக்கவில்லை. குடோனை வாடகைக்குப் பிடித்துச் சுவர் எழுப்பத் தொடங்கியதும், "மேக்க மலை மலையாக் கெடக்கு. கொட்டகைக்குள்ள பலகையில ஏற எவன்வே வருவான்?" என்றார்கள்.

சுல்தான் சொன்னார்: "மலையில ஏறினா புலி இருக்குன்னு வனத்துறை பிடிக்கும். இங்கன விழுந்தா நான் பிடிப்பேன். எது தேவலைன்னு நீங்களே சொல்லுங்க."

ஆட்கள் வரத்தான் செய்தார்கள். அதற்குள் காலம் மாறியிருந்தது. புதிதாகத் திறக்கிற பள்ளிக்கூடங்கள் நோட்டீசில் நீச்சல் குளம், குதிரை என்று போட்டுப் பார்த்து, தண்ணீருக்கும் கொள்ளுக்கும் திண்டாடி, கடைசியில் சுவர் மலிவு என்று கண்டுபிடித்தன. சுவர் தண்ணீர் கேட்காது, சாணி போடாது. ஆனால், "எம் பிள்ளைய யாரு பிடிப்பா?" என்று ஏதோ ஒரு தாய் கேட்டுவிட்டாள். அதிலிருந்து பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார்கள் எல்லாம் விசில் மாட்டிய கழுத்தோடு சுல்தான் பாயின் குடோனுக்கு வரத் தொடங்கினார்கள். ஐந்து நாள் பயிற்சி, ஆறாவது நாள் பரீட்சை.

பயிற்சியின்போது அவர் சொல்கிற பாடம் ஒன்றே ஒன்றுதான். "வலது கை கயித்தை விட்டு எந்திரிக்கக் கூடாது. காது கடிச்சாலும் எந்திரிக்கக் கூடாது. பொஞ்சாதி ஓடிப்போனாலும் எந்திரிக்கக் கூடாது. மேல உள்ள ஆள் தரைக்கு வந்த பொறவு போயி அவளைத் தேடிக்கிடலாம்."

இவ்வளவு கண்டிப்பாக இருப்பவருக்குப் பின்னால் ஏதோ பெரிய சோகம் இருக்கும் என்று நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு வாத்தியார் நினைத்துக்கொண்டு, "பாய், ஷார்ஜால யாராச்சும் விழுந்துட்டாங்களோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாரும் விழல" என்றார் சுல்தான். "பதினெட்டு வருசமா ஒருத்தரும் விழல. எதனால விழலன்னு கேளும், சொல்லுதேன்."

பரீட்சை வைப்பதில் அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மற்ற ஊர்களில் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுப் பரீட்சை வைப்பார்கள். சுல்தான் மூட்டை கட்டமாட்டார். தானே பெல்ட் கட்டி, பரீட்சைக்கு வந்தவர் கயிறு பிடிக்க, சுவரில் ஏறுவார். இருபதடி ஏறியதும் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்பார். பிறகு எப்போதோ ஒரு நேரம், சொல்லாமல் கையை விட்டுவிடுவார். பிடித்தால் பாஸ்.

பிடிக்காவிட்டால் என்னவாவது என்ற பயம் அவருக்கு இருந்ததா என்று தெரியாது. ஆனால் முன்னேற்பாடு இருந்தது. அவரிடம் முதல் சர்ட்டிபிகேட் வாங்கிய ஸ்டெபி டீச்சர், பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை, பரீட்சை நாளில் மட்டும் வந்து பரீட்சைக்காரருக்குப் பின்னால் நிற்பார். கயிற்றின் மிச்ச வால் அவர் கையில் இருக்கும். முன்னால் நிற்கிறவர் கோட்டை விட்டாலும் பாய் தரை வரை வந்து சேராமல் இருக்க அந்த ஏற்பாடு.

ஜாஸ்பர் இந்தப் பரீட்சைக்கு வந்ததற்குக் காரணம் கண். நாற்பது வருசம் போல வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்த கண். இனிமேல் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் சூரியனைக்கூடப் பார்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டறையை மூடியாயிற்று. குடோனில் குமிழ் முடுக்குவது, மெத்தை தூசி தட்டுவது என்று வேலை செய்துகொண்டிருந்தார். சர்ட்டிபிகேட் கிடைத்தால் நிரந்தரமாகக் கயிறு பிடிக்கிற வாத்தியாராகவே இருந்துவிடலாம். வீட்டில் ஞானசௌந்தரி அதற்காக உபவாசம்கூட இருந்தாள்.

பயிற்சி ஐந்து நாளும் ஜாஸ்பரை அடிக்க ஆளில்லை. முடிச்சு அவர் கையில் தானாக விழும். எழுத்துப் பரீட்சைக்கு மட்டும் சுல்தான் கேள்வியை வாசித்தார், ஜாஸ்பர் வாயால் பதில் சொன்னார், சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் சுல்தான் எழுதினார். அதில் இரண்டு இடத்தில் கெட்ட வார்த்தை இருந்தது. அதையும் எழுதி அனுப்பினார். பெங்களூர்க்காரர்கள் அதற்கும் மார்க் போட்டிருந்தார்கள்.

ஆறாவது நாள் காலை. சுல்தான் இருபதடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார். ஜாஸ்பர் கீழே, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தபடி கயிற்றோடு நிற்கிறார். பின்னால் ஸ்டெபி டீச்சர். அந்த நேரத்தில் வாசல் பக்கம் வெள்ளை அங்கியோடு எஸ்றா ஐயர் உள்ளே வந்தார். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்குச் சபைப் போதகர் என்றால் ஐயர்தான். சபைப் பள்ளிக்கூடத்திலும் ஒரு சுவர் வைக்கலாமா என்று பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். ஜாஸ்பர் அவருடைய சபையில் ஞானஸ்நானம் பெற்று, அந்தச் சபையிலேயே கல்யாணமும் முடித்தவர்.

ஐயரைக் கண்டால் இரண்டு கையும் கூப்பி ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். இது நடக்கப் பழகும் முன்னே பழகுகிற பாடம். யோசித்துச் செய்வதில்லை.

"ஸ்தோத்திரம் ஐயரே" என்றார் ஜாஸ்பர். இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே வந்து சேர்ந்தது.

சுல்தான் கையை விட்டார்.

சர்ரென்று ஆறடி. ஸ்டெபி டீச்சர், "ஐயோ" என்று கத்திக்கொண்டே கயிற்றின் வாலோடு பின்னால் உட்கார்ந்துவிட்டார். சுல்தான் அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நின்று, கீழே குனிந்து பார்த்தார்.

"ஜாஸ்பரு, அப்படியே என் சலாத்தையும் ஐயருக்குச் சொல்லிரும்வே."

கீழே இறக்கியதும் சண்டை பிடித்துக்கொண்டது.

"ஐயர் வாரதப் பாத்துட்டுத்தான நீரு வேணும்னு கையை விட்டீரு?"

"பின்ன? நீரு கயித்தையே முறைச்சுக்கிட்டு நிக்கும்போது விட்டா அது என்ன பரீட்சை?"

"சபைக்குப் போதகரு பாய் அவரு! அவரு வந்தா மரம் மாதிரி நிக்கச் சொல்லுதீரா?"

"நல்லாக் கும்பிடும். நான் தரைக்கு வந்த பொறவு கும்பிடும். நான் மேல இருக்கையில நீரு அவரைக் கும்பிட்டா, எனக்குச் செபம் பண்ணத்தான் அவரு வர வேண்டியிருக்கும். அவரு செபத்துல எனக்கு எங்க இடம்?"

எஸ்றா ஐயர் சிரிப்பை அடக்க வெளியே போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுல்தான் தாளை எடுத்து 'தேர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே ஜாஸ்பர் டீக்கடையில், "ஐயருக்கு ஸ்தோத்திரம் சொன்னதுக்கு என்னையப் பெயிலாக்கிட்டாருவே" என்றார். அதைக் கேட்டு இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். "நம்ம ஐயருக்கு ஸ்தோத்திரம் சொன்னா அவருக்கு என்னவாம்? வாரும், கேட்டுட்டு வருவோம்." ஜாஸ்பருக்குப் பதறிவிட்டது. "இருங்கவே, இருங்கவே, அப்படி இல்ல" என்று உட்கார வைக்கப் பெரும்பாடு பட்டார். எப்படி இல்லை என்று விளக்க வேண்டுமானால் அப்போது கயிற்றின் மறுமுனையில் யார் தொங்கினார் என்பதைச் சொல்ல வேண்டும். கதையில் ஜாஸ்பர் எப்போதும் விட்டுவிடுகிற இடம் அது ஒன்றுதான்.

ஒரு வருசம் கழித்து மறுபடி எழுதலாம் என்பது விதி. ஜாஸ்பர் எழுதவில்லை. ரோஷம். மூன்று வருசம் ரோஷமாகவே போயிற்று. சர்ட்டிபிகேட் இல்லாதவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளலாம். அடுத்தவருக்காகக் கயிறு பிடிக்கக் கூடாது. ஆகவே ஜாஸ்பர் ஸ்பேனரோடு உச்சியில் தொங்கிக் குமிழ் முடுக்குவார். கீழே நேற்று வந்த வாத்தியார் பயல் கயிறு பிடிப்பான். அந்தப் பயலுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தது ஜாஸ்பராக இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குடோனுக்குப் பின்னால் வைத்துப் பத்துப் பதினைந்து பேருக்கு அவர் ரகசியமாகப் பாடம் எடுத்திருக்கிறார். எல்லாரும் பாஸ். சர்ட்டிபிகேட்டோடு போட்டோ எடுக்கும்போது, "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க ஏணியும் போட்டோவுல விழுது" என்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளை வந்தார். சுல்தானின் ஒரே மகள் அர்வாவைக் கட்டியவர், சல்மான் ஃபாரிஸ். சென்னையில் எம்.பி.ஏ. படித்தவர். நல்ல பையன்தான், சிகரெட் கிடையாது, தொழுகை தவறமாட்டார், கையில் மட்டும் எந்நேரமும் போன் இருக்கும். குடோனை மாமனாருக்குப் பிறகு தான் எடுத்து நடத்துவது என்று தீர்மானமாகியிருந்தது. கலர் மாற்ற வேண்டும், பேர் மாற்ற வேண்டும், பிறந்தநாள் விழாவுக்கு வாடகைக்கு விட வேண்டும் என்று நிறையத் திட்டம்.

மாப்பிள்ளை குடோனுக்குள் வந்தால் சுல்தான் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். அறுபதை நெருங்குகிற மனிதர், தேய்ந்த முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். மாப்பிள்ளை 'உட்காருங்க மாமா' என்று சொல்லும் வரை உட்காரமாட்டார். வீட்டில் சீலா மீன் வாங்கினால் நடுத்துண்டு மாப்பிள்ளைக்கு. மாப்பிள்ளை எது சொன்னாலும், "சரிங்க மாப்பிள்ளை." ஜாஸ்பர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு குமிழ் முடுக்குவார்.

ஒருநாள் சல்மான் ஜாஸ்பரைத் தனியாகக் கூப்பிட்டு மரியாதையாகவே சொன்னார்: "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. அடுத்த வருசத்துல இருந்து சர்ட்டிபிகேட் இல்லாத ஆள் யாரும் இங்க வேலைக்கு இருக்க முடியாது. நானும் பரீட்சை எழுதப் போறேன். நீங்களும் எழுதிருங்க."

ரோஷம் அன்றோடு தீர்ந்தது. ஐம்பத்துமூன்று வயதில், கண் பாதி போன மனிதனுக்கு வேறு இடம் எங்கே இருக்கிறது?

ஜாஸ்பர் பரீட்சைக்குப் பேர் கொடுத்த சமயம் சுல்தானுக்கு நெஞ்சுவலி வந்து, இரண்டு குழாய் வைத்து அனுப்பியிருந்தார்கள். மாடிப்படி ஏறவே கூடாது என்று உத்தரவு. பரீட்சை நாளில் மனிதர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன பாய் இது? டாக்டரு என்ன சொன்னாரு?"

"மாடிப்படி ஏறக் கூடாதுன்னாரு. சுவரைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"நீரு மேலயே மவுத்தாயிட்டீர்னா எனக்கு யாரு சர்ட்டிபிகேட்டு தருவா?"

"கையெழுத்துப் போட்டு டீச்சர்ட்ட குடுத்தாச்சு. பாஸா பெயிலாங்கிற இடத்தை மட்டும் காலியா விட்டிருக்கேன். பேசாமப் பிடியும்."

பைய ஏறினார். ஒவ்வொரு குமிழிலும் நின்று மூச்சு வாங்கினார். இருபதடி போய் ஒட்டிக்கொண்டார். மணி பதினொன்று அடித்தது. வாசலில் எஸ்றா ஐயர். மூன்று வருசமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத ஐயர், நிமிசம் தவறாமல் வந்து நின்றால் அது தற்செயலா?

"ஸ்தோத்திரம் ஜாஸ்பர்" என்றார் ஐயர்.

"ஸ்தோத்திரம் ஐயரே. கை ஒழியல" என்றார் ஜாஸ்பர், திரும்பாமலே.

ஐயர் பக்கத்தில் வந்தார். வந்து, கை குலுக்க வலது கையை நீட்டினார். நீட்டியது நீட்டியபடியே நின்றது. ஜாஸ்பர் அந்தக் கையைப் பார்க்கவில்லை. பிடரி மட்டும் கூசியது. ஆண்டவரே மன்னியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

சுல்தான் கையை விட்டார். ஜாஸ்பர் ஒரு சாண் முன்னால் இழுபட்டு நின்றார். மேலே அந்த மனிதர் தொட்டில் பிள்ளை மாதிரி இருந்த இடத்திலேயே தொங்கினார்.

மேலிருந்து, "எறக்கும்" என்ற சத்தம் மட்டும் வந்தது. ஸ்டெபி டீச்சர் காலி இடத்தை நிரப்பினார்.

எஸ்றா ஐயர் திட்டம் தெரிந்து வந்தவர்தான். கையை நீட்டச் சொன்னதே சுல்தான்தான். ஆனாலும் அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் எல்லாருக்கும் கை கொடுக்கிறவர், ஜாஸ்பர் வரும்போது மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஞானசௌந்தரி அதற்கும் ஒரு உபவாசம் இருக்க வேண்டியதாயிற்று.

ஆவணி கடைசியில் சுல்தானுக்கு மறுபடி வலி வந்தது. வண்ணார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். ஜாஸ்பர் பார்க்கப் போனபோது தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தன்னால் முடியாததால் இந்த முறை பரீட்சை வைக்க ஜாஸ்பரை நியமிக்கிறேன் என்று எழுதி, பெங்களூர்ச் சங்கத்தின் ஒப்புதலும் வாங்கியிருந்தது. ஜாஸ்பருக்கு உள்ளுக்குள் நிமிர்ந்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பாதி, பரீட்சை வைக்கிற மனிதர்.

"யாருக்கு பாய் பரீட்சை?"

"மாப்பிள்ளைக்கு. வர்ற சனிக்கிழமை."

நிமிர்ந்தது இறங்கிவிட்டது. "இதுக்காவத்தான் எனக்குப் பாஸ் போட்டீரா?"

"அது உம்ம கைக்குப் போட்டது. இது வேற சங்கதி." சுல்தான் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் அவரு கயித்துல ஏறி, அவரு விட்டுட்டார்னு வையும், பெயில்னு நான் எப்படி எழுத? வீட்டு மாப்பிள்ளைவே. அர்வா மொகத்துல நான் எப்படி முழிக்க?"

"நான் மட்டும் எழுதலாமோ? நாளைக்கு அவருதான் மொதலாளி. என்னைய வச்சுக்கிடவும் வெளிய அனுப்பவும் அவருட்டத்தான் இருக்கு."

"நல்லாப் பிடிச்சா பாஸ் எழுதும், எனக்கும் சந்தோசம். நாளைக்கு ஊரான் பிள்ளைய எல்லாம் அந்தக் கையிலதான் தொங்கப் போவுது." கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "மணி பதினொண்ணு அடிக்கையில நீரு சுவர்ல மேல இருக்கணும். அவரு கண்ணு உம்மள விட்டு எப்ப போவுதோ, அப்ப கையை விடும்."

சனிக்கிழமை சல்மான் எல்லாம் சரியாகச் செய்தார். முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஜாஸ்பரின் பெல்ட்டை இழுத்துப் பார்த்த பதவிசுக்கே தனி மார்க் போடலாம். ஜாஸ்பர் இருபதடி ஏறி ஒட்டிக்கொண்டார். கையெல்லாம் கடுத்தது. கர்த்தாவே, இந்தப் பையன் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், நானும் பாஸ் போட்டுவிட்டுப் பிழைத்துப் போகிறேன் என்று வேண்டிக்கொண்டார். சல்மானும் கண் எடுக்காமல்தான் நின்றார்.

பதினொரு மணிக்கு மெத்தை ஓரத்தில் கிடந்த போன் அடித்தது. சல்மான் குனிந்து பார்த்தார். மறு நொடி வலது கை கயிற்றை விட்டுப் போனை எடுத்தது.

ஜாஸ்பருக்கு ஒரு நொடி தோன்றியது: பார்க்காத மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? ஸ்டெபி டீச்சர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாஸ்பர் கையை விட்டார்.

விழுந்த ஆறடியும் ஆறு மைல் மாதிரி இருந்தது. டீச்சர் பிடித்துவிட்டார். அந்தரத்தில் தொங்கியபடி சுல்தான் மாதிரி ஏதாவது நறுக்கென்று சொல்ல வேண்டும் என்று ஜாஸ்பர் பார்த்தார். கெட்ட வார்த்தைதான் வந்தது.

"அண்ணாச்சி, மாமா போனு! ஆஸ்பத்திரில இருந்து! எடுக்காம எப்படி இருக்க முடியும்?" என்றார் சல்மான். "ஒரே ஒரு செகண்டுதான்."

"நான் விழுந்ததும் ஒரு செகண்டுதான்" என்றார் ஜாஸ்பர். கீழே இறங்கி, எழுத்துக் கூட்டி, 'தேர்ச்சி இல்லை' என்று எழுதினார். கையெழுத்துப் போடப் பேனாவை இரண்டு தடவை உதற வேண்டியிருந்தது.

சல்மான், "நாளையில இருந்து நீங்க வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எம்.பி.ஏ. படித்தவருக்கு ஒரு நாள் போதும். மாமனார் படுக்கையில், ஸ்டெபி டீச்சருக்கும் பாஸான மற்ற வாத்தியார்களுக்கும் பள்ளிக்கூடம், தனக்கு இன்னும் ஒரு வருசம் பரீட்சை எழுத முடியாது. குடோனைத் திறக்க வேண்டுமானால் சர்ட்டிபிகேட் உள்ள ஒரு ஆள் கீழே நிற்க வேண்டும். அந்த ஆள் யார் என்று கணக்குப் போட்டால் ஒரே ஒரு பெயர்தான் வந்தது. சாயங்காலம் போனில் செய்தி வந்தது: 'திங்கள் காலை ஆறு மணிக்கு வந்துருங்க அண்ணாச்சி.' மரியாதையில் குறைவில்லை.

அந்தச் செய்தியோடு ஜாஸ்பர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். அறை வாசலில் ஜமீலா பீவியும் அர்வாவும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் அவரைப் பார்த்த பார்வையில் கண்ணாடியே உடைந்துவிடும். ஜாஸ்பர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

"நீருதான போன் அடிச்சீரு?"

"பின்ன வேற யாரு அடிச்சா அவரு எடுப்பாரு?" சுல்தானின் குரல் பாதியாகிவிட்டிருந்தது. "எத்தனை அடி?"

"ஆறு."

"வலிச்சுதா?"

"இடுப்பு போச்சு. என் வேலையும் போயிருக்கும், தப்பிச்சேன். நீரு மனுசனாவே? சீக்காளி மாமனாரு போன் அடிச்சா எந்த மாப்பிள்ளை எடுக்காம இருப்பான்?"

"எடுக்காத மாப்பிள்ளை அடுத்த வருசம் வருவாரு. நீரு சொல்லிக்குடும்." சுல்தான் சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்து, ஜாஸ்பர் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியதாயிற்று. இருமல் அடங்கியதும் கதவுப் பக்கம் பார்த்துக் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"வெளிய ரெண்டு பேரும் இருக்காளா?"

"இருக்காங்க. என்னைய எரிச்சுருவாங்க போல."

"மாப்பிள்ளைய நீரு பெயிலாக்குனதுக்கு நான் உம்மளை வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன்னு அவங்க நினைக்கணும். எனக்கு இப்ப சத்தம் போட மூச்சு இல்ல. அதனால நீருதான் பாத்துச் செய்யணும்."

"என்ன செய்ய?"

"பெருசா ஒண்ணும் இல்லவே. போவும்போது கொஞ்சம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போவும்."